பாட்டு முடிந்ததும் இருமிய குருவி

நாணல் கதிர்க்குருவியை அடையாளம் காண்பது எப்படி என்று, பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேலை வைப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். குருவியைப் பற்றி மட்டும் என்றால் அரைப் பக்கம் போதும். மீதி இடத்தில், அதே குருவியை வைத்து நான் பட்ட அவமானத்தை எழுதுகிறேன். உங்களுக்கு உபயோகமாக இருக்கப்போவது அதுதான்.

முதலில் குருவி. மேலே பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை. கண்ணுக்கு மேல் மங்கலாக ஒரு கோடு. சிட்டுக்குருவியைவிட நீளம், கொண்டை வைத்த சின்னானைவிட ஒல்லி, அலகு சற்று நீண்டிருக்கும். சம்பும் நாணலும் தண்ணீருக்குள் நிற்கிற இடத்தை விட்டு அதிகம் வெளியே வராது. ஒரு காலால் ஒரு தண்டையும் மறுகாலால் பக்கத்துத் தண்டையும் பிடித்துக்கொண்டு, தொண்டையைப் புடைத்துக்கொண்டு பாடும். பாட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. கரகரவென்று ஆரம்பித்து, கீச்சென்று இழுத்து, மறுபடி கரகரவென்று, சந்தையில் விலை பேசுகிற மாதிரி இருக்கும். சிறகில் பட்டை கிடையாது, மார்பில் புள்ளி கிடையாது. அடையாளம் என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றுமே இல்லாததுதான் அதன் அடையாளம்.

அதே நாணலில் வேறு சின்னப் பழுப்புக் குருவிகளும் இருக்கும். நீண்ட வாலை மேலே தூக்கி ஆட்டினால் அது வெண்புருவக் கதிர்க்குருவி. ஆகாயத்தில் எகிறி எகிறிப் பறந்தபடி 'சிட் சிட்' என்று சொன்னால் விசிறிவால் கதிர்க்குருவி. இரண்டும் நம் பக்கத்து எல்லா ஏரியிலும் உண்டு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற ஒன்று முருங்கை மரத்தில் உட்கார்ந்து 'டக் டக்' என்று மட்டும் சொல்லும். அதை நாணல் கதிர்க்குருவி என்று எழுதாத புது ஆள் இதுவரை இல்லை. நானும் எழுதியிருக்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வருடம் என் தாளை வாங்கிப் பார்த்த மூத்தவர் ஒருவர், இருபத்தெட்டுப் பறவைகளுக்கும் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, தெரியாதது ஒண்ணுகூட இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன், பெருமையாகத்தான். "அப்ப இதுல ஏழெட்டு பொய் கீது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மறுபடி போய் எண்ணினேன். ஆறு பறவைகளுக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு முப்பது வருடம், ஒரு நாளைத் தவிர, என் தாளில் 'தெரியவில்லை' என்ற வார்த்தை இல்லாமல் இருந்ததில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு, இல்லாமல் போன அந்த ஒரு நாள் போதும்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. அம்பத்தூர்ப் பக்கம், கள்ளிக்குப்பத்திலிருந்து ரொம்ப தூரமில்லாத ஒரு ஏரி. பெயர் வேண்டாம். ஏரி நிறைந்தால் தண்ணீர் வெளியேறுகிற கலங்கலை அடைத்துக்கொண்டு சம்பும் நாணலும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. முந்தைய வருட மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் கிழக்குக் கரைக்குக் கீழே இருந்த தெருவுக்குள் இறங்கிவிட்டது. அதனால் இந்த முறை மழைக்கு முன்பே பொக்லைன் வைத்து அத்தனையையும் வாரி எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் அங்கே கூடு வைத்திருக்கும் பறவை ஏதாவது உண்டா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை வேலையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அடுத்த திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும்.

நான் மேற்குக் கரை. கிழக்குக் கரைக்குக் குமரேசன். தேனிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. கொரட்டூரில் அடுக்குமாடி வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பறவை மேல் இருந்த பித்தினால் லீவு போட்டுவிட்டு எங்களோடு கணக்கெடுக்க வருவார். மூன்று காலை, விடிந்ததும், இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் நடந்து, கண்டதையும் கேட்டதையும் தனித்தனித் தாளில் எழுதுவது ஏற்பாடு. நடுவில் நாணல் இருந்ததால் அவர் என் கண்ணுக்குத் தெரியமாட்டார், நான் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டேன்.

முதல் நாள் ஆறே கால் இருக்கும். எதிர்ப்பக்க நாணலுக்குள்ளிருந்து அந்தக் கரகர சத்தம் வந்தது. உடனே தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நம் பக்கத்து ஏரிகளில் இந்தக் குருவியைப் பார்த்திருக்கிறேன், ஆனால் கூடு வைத்து நான் கண்டதில்லை. நாலைந்து தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, தண்ணீருக்கு மேலே கிண்ணம் மாதிரி தொங்கவிடும் என்று படித்ததோடு சரி. ஆண் குருவி ஒரே இடத்தில் நாள்தோறும் பாடினால் பக்கத்தில் கூடு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் நாளும் அதே இடம், ஏறக்குறைய அதே நேரம். மூன்றாம் நாளும் கேட்டது. கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். பறவையைக் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்பும்போது கிழக்குத் தெரு வழியாக வந்தேன். கரைக்குக் கீழே முதல் வீட்டில் பர்வீன் என்ற பெண்மணி தையல் வேலை செய்கிறார். பூந்தமல்லியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். தரைத்தளத்தில் மூன்று தையல் இயந்திரம், சுவரெல்லாம் ரவிக்கைகள். சுவரில் இடுப்பளவுக்கு முந்தைய வருட வெள்ளத்தின் கறை அப்படியே இருந்தது. கழுத்தில் பைனாகுலரோடு போன என்னை அவரே கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னா சார், மூணு நாளா உங்காளுங்க கரையில நின்னுகினு கீறாங்க. எப்ப சார் வாருவாங்க அத்த?"

"பார்த்துக்கிட்டு இருக்கோம்மா. உள்ளே ஒரு குருவி கூடு கட்டியிருக்கு போல."

"காலைல கத்துதே, அதுவா?"

"அதேதான். உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்காம? ஜன்னலாண்டதான கத்துது. ஆனா அதுக்குச் சளி புடிச்சிகீது சார். பாட்டு முடிஞ்சதும் இருமுது."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன வருசம் ரெண்டு மிஷினு மோட்டாரு போச்சு. கல்யாண ஊட்டுத் துணி அவ்ளோவும் சேறு. பொண்ணோட அம்மா என் வாசல்ல உக்காந்து அழுதுச்சு. இன்னொரு வாட்டி தண்ணி வந்தா நான் கடையை மூடிக்கினு போவ வேண்டியதுதான். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார்" என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அலுவலகத்துக்குப் போய், வேலையை ஆறு வாரம் தள்ளிவைக்கும்படி கடிதம் எழுதினேன். 'நாணல் கதிர்க்குருவி, ஆண், மூன்று நாளும் ஒரே இடத்தில் பாடியது, கூடு இருப்பதாகவே கொள்ள வேண்டும்.' கையெழுத்து என்னுடையது. அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும் என்று, ஏரி வேலையைக் கவனிக்கும் பொறியாளர் இரண்டு முறை போன் செய்திருந்தார். குமரேசனின் தாள் என் மேஜையில்தான் இருந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. மூன்று நாள் நானே காதால் கேட்டாயிற்று, எதிர்க்கரையில் நின்றவன் என்ன புதிதாக எழுதியிருக்கப் போகிறான் என்ற திமிர். வேறு காரணம் சொன்னால் பொய்.

ஆறு வாரம் என்றால் பருவமழை தொடங்கிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். குருவிக்கு வேறு வீடு இல்லை, மனிதர்களுக்கு ஏதாவது வழி பிறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆன பிறகு என் பதிவை வீட்டில் போட்டுக் கேட்டேன். சந்தோஷத்துக்காகத்தான் கேட்டேன், சரிபார்க்க அல்ல. நல்ல ஹெட்ஃபோன் போட்டிருந்தேன். பாட்டு நாற்பது நொடி வந்து நின்றது. நின்ற இடத்தில் மிக மெல்லிய ஒரு சத்தம். திரும்பவும் போட்டேன். இருமல். கொஞ்சம் தள்ளிப் பாட்டு மறுபடி ஆரம்பித்து, அதே இடத்தில் நின்று, அதே இருமல். உயிருள்ள நாணல் கதிர்க்குருவி ஒரு பாட்டை இரண்டு தடவை அச்சு அசலாக அப்படியே பாடாது. சேர்க்கும், குறைக்கும், நடுவில் மறந்த மாதிரி நிற்கும். இதை எத்தனையோ பேருக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். இருமலுக்கு முன்னால், தூரத்தில் ஒரு லாரி ஹாரன். ஏரிக்கரையில் லாரி ஏது? அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த லாரி பெங்களூர் நெடுஞ்சாலையில் போன லாரி. சென்னீர்குப்பம் பக்கம் ஒரு குட்டையில், பல வருடங்களுக்கு முன், புழுதியில் நின்று இந்தப் பாட்டைப் பதிவு செய்தவன் நான். புதியவர்கள் கேட்டுப் பழகட்டும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தவனும் நான். அந்த இருமல் என்னுடையது.

குமரேசனுக்குப் போன் செய்தேன்.

"ஆமா சார், காலைல வந்ததும் ஸ்பீக்கர்ல போட்டேன். போட்டுட்டுப் பதில் வருதான்னு பாக்கணும்னு போன வருசம் நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க? பதில் வரலை. தாள்ல எழுதியிருக்கேனே சார்."

திங்கட்கிழமை முதல் வேலையாக அவர் தாளைப் பிரித்தேன். மூன்று நாளுக்கும் எழுதியிருந்தார். 'நாணல் கதிர்க்குருவி, ஒலிபரப்பினேன், பதில் இல்லை.' பக்கத்தில் நேரம். என் தாளில் இருந்த அதே நேரம். பறவையை வரவழைக்கப் பதிவை ஒலிக்கவிடுவது ஒரு முறை. இரண்டு பேர் இரண்டு கரையில் எண்ணும்போது அதைச் செய்யக்கூடாது என்பது அதைவிடப் பெரிய முறை. முதலாவதைச் சொல்லிக் கொடுத்த நான் இரண்டாவதைச் சொல்லவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதைச் செய்தார், செய்ததை எழுதினார். என் குரலைக் கேட்டு மயங்கியது நான்.

எங்கள் அலுவலகத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஏரிகளுக்காக நிறைய அலைந்தவர். "இப்ப யாருக்கு சார் தெரியும்? நாணல் பிழைச்சா நல்லதுதானே? விட்டுடுங்க" என்றார்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். எனக்கும் அதே ஆசை இருந்தது. அந்த நாணலில் வேறு குருவிகள் இருந்தன, நீர்க்கோழி இருந்தது. என் பொய்யால் அவை அத்தனையும் பிழைக்கும். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என்னை எழுப்பியது தர்மமெல்லாம் இல்லை. இடுப்பளவு கறை படிந்த அந்தச் சுவரும், சளி பிடித்திருக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பும்தான். நிஜமான குருவிக்காக அவர் வீட்டில் தண்ணீர் புகுந்தால் அவரிடம் நின்று பேச எனக்கு ஒரு வாய் உண்டு. என் இருமலுக்காகப் புகுந்தால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சோற்றை நான்தானே தின்ன வேண்டும்?

அன்றே பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். முப்பத்தைந்து வயதுக்காரர், உள்ளூர்ப் பையனாக வளர்ந்தவர். கடிதத்தை நீட்டினேன். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இன்னா சார் இது? போன வாரம் கூடு கீதுன்னீங்க. அத்த நம்பி நான் மேல எழுதி, மிஷினைத் திருப்பி அனுப்பிட்டேன். இப்ப உங்க இருமல்னு எழுதிக்கினு வந்து நிக்கிறீங்க!"

"தப்பு என்னுதுதான் சார். அதான் என் கையெழுத்துலயே எழுதியிருக்கேன்."

"இத்த நான் மேல காட்டுனா சிரிப்பாங்களே சார்."

"என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. காட்டுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் உட்கார மனமில்லை. சிரித்து முடித்துவிட்டு, "அப்ப மொத்தத்தையும் வாரிடலாமா?" என்று கேட்டார்.

"தடுக்க என்கிட்ட காரணம் எதுவும் இல்லை சார். ஆனா ஒரு தடவை வந்து பாருங்க. தண்ணி கிழக்கு ஓரமாத்தான் கலங்கலுக்குப் போகுது. வடக்கு மூலையில நிக்கிற நாணல் எதையும் அடைக்கலை. அங்கே சாதாரணக் குருவிங்கதான் கீது. இருந்தாலும், அடைக்காததை ஏன் வாரணும்?"

பேச்சு வேகத்தில் என் வாயிலும் 'கீது' வந்துவிட்டது. அவர் வந்தார். மதகு, கலங்கல், மூலை எல்லாம் நடந்து பார்த்தார். கரையிலிருந்து இறங்கும்போது, "வடக்கு மூலையை விட்டுடறேன் சார். தன் தப்பத் தானே எழுதிக் குடுத்தவரு, இதுல போயா பொய் சொல்லப் போறீங்க?" என்றார். நான்கு நாளில் இயந்திரம் திரும்பி வந்து, கலங்கல் வாயைச் சுத்தமாகத் திறந்தது. எனக்குப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நின்று பார்த்தேன்.

பர்வீன் வீட்டுக்கும் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், இருமல் யாருடையது என்ற இடம் வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். நீங்கதான் சிரிச்சீங்க."

"ஆமாம்மா."

"குருவி எங்கனா இருமுமா சார்? முப்பது வருசமா குருவி பாக்கறன்றீங்க, இதுகூடத் தெர்லியா?"

அவர் ஊசியை மறுபடி எடுத்தார். "நம்பர் குடுத்துட்டுப் போங்க. நெசமா வந்தா சொல்றன்" என்றார்.

அந்த வருட மழையில் அந்தத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் வீட்டுப் படி ஏறவில்லை. காய்ந்த தரையில் நிற்கும் மூன்று இயந்திரங்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். என் வேலைக்காலத்தில் எனக்கு வந்த பாராட்டுகளில் அந்தப் படத்தைத்தான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் தாளைப் பிரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணால் பார்க்காத பறவைக்கு நேரே 'கேட்டது மட்டும்' என்று எழுதுங்கள். மனதுக்குப் பிடித்த பதில் கிடைத்தால் அதை இரண்டு மடங்கு சந்தேகியுங்கள். அந்த இடத்தில் குடியிருக்கிறவர் ஏதாவது சொன்னால், அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும், சிரிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்.

குருவி கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது காலை ஆறரைக்கு ஒரு போன்.

"சார், நான் பர்வீன். வடக்கு மூலையில நாணலு விட்டு வச்சாங்கல்ல, அதுல ஒண்ணு ரெண்டு நாளா கத்துது. உங்க கத்தல் மாதிரியே, ஆனா மாத்தி மாத்தி கத்துது. உங்காளு யாருனா கரையில நிக்கிறாங்களான்னு போய்ப் பாத்துட்டுத்தான் போன் போடறேன். யாரும் இல்ல."

குமரேசனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். பர்வீன் கரையில் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களைப் பேச வேண்டாம் என்று கையால் காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து நாணல் ஆடியது. ஒரு பழுப்புக் குருவி, ஒரு கால் ஒரு தண்டில், மறு கால் இன்னொரு தண்டில், தொண்டையைப் புடைத்துக்கொண்டு. நாலைந்து தண்டுகளுக்கு நடுவே, தண்ணீருக்கு மேல், பாதி கட்டிய கிண்ணம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குமரேசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

குருவி பாடி நிறுத்தியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை.

"இது இருமல சார்" என்றார் பர்வீன்.

அன்றைய தாளில் முதலில் கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.